பிஆர் முடிவு வரும்வரை எந்த அனுமதியில் வேலை? சிங்கப்பூர்ச் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரில் பிஆருக்கு, அதாவது நிரந்தரவாசத் தகுதிக்கு, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கென்று தனி வேலை அனுமதி எதுவும் கிடையாது. கனடாவில் அப்படி ஓர் இடைக்கால அனுமதி உண்டு. அங்கே உறவினர் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். இங்கே விண்ணப்ப எண் கையில் இருந்தால், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று மட்டுமே பொருள். அதை வைத்துத் தங்க முடியாது, வேலையும் செய்ய முடியாது. காத்திருக்கும் மாதங்களில் உங்களைத் தாங்குவது ஏற்கெனவே கையில் இருக்கும் பாஸ்தான்.

அதனால் இந்த மதிப்புரை பிஆர் விண்ணப்பத் தளத்தோடு நிற்கவில்லை. காத்திருப்போர் நம்பியிருக்கும் மூன்று சேவைகளையும் பார்க்கிறோம்: குடிநுழைவு மற்றும் சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையவழி பிஆர் விண்ணப்பம், அதே ஆணையம் தரும் நீண்டகால வருகை அனுமதி, மனிதவள அமைச்சு தரும் வேலை பாஸ்கள் (உயர்நிலை ஊழியருக்கு இ-பாஸ், இடைநிலைத் திறனாளருக்கு எஸ் பாஸ், மற்றவர்களுக்கு வேலை பெர்மிட்).

மூன்றில் சிறப்பாக இயங்குவது, சிங்கப்பூரரையோ பிஆரையோ மணந்தவர்களுக்கான வழிதான். எல்டிவிபி என்று எல்லோரும் சொல்லும் நீண்டகால வருகை அனுமதி கிடைத்தால், அதோடு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற இசைவுக் கடிதமும் கிடைக்க வழியுண்டு. பேச்சு வழக்கில் இது பிஎல்ஓசி. இந்தக் கடிதம் இருப்பவரை வேலைக்கு எடுக்க நிறுவனம் தனியாக வேலை பாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வேலை தொடங்கும் முன் மனிதவள அமைச்சுக்கு அறிவித்தால் போதும். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வையும் இல்லை, உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையை வைத்து இத்தனை வெளிநாட்டவர்தான் என்று வரம்பு வைக்கும் கோட்டாவும் இல்லை. எஸ் பாஸ் ஊழியர் ஒருவருக்கு 2025 செப்டம்பர் முதல் மாதம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை கட்டும் முதலாளிக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் இந்தச் சலுகை பல சிறு நிறுவனங்களுக்குத் தெரிவதில்லை. விண்ணப்பத்தில் நீண்டகால வருகை அனுமதி என்று பார்த்ததுமே, 'வெளிநாட்டவர், கோட்டா இல்லை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேலை தேடுபவர் தன் விவரக்குறிப்பின் முதல் வரியிலேயே மூன்று விவரங்களைப் போட்டுவிடுவது நல்லது: சிங்கப்பூரரின் மனைவி அல்லது கணவர், பிஎல்ஓசி உண்டு, தீர்வையும் கோட்டாவும் பொருந்தா. கூடவே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பிஎல்ஓசி ஊழியர் நிறுவனத்தின் உள்ளூர் ஊழியர் எண்ணிக்கையில் சேரமாட்டார், அவருக்கு மத்திய சேம நிதிச் சந்தாவும் கிடையாது. உங்களை எடுத்துக்கொண்டால் கோட்டா கூடும் என்று எண்ணி எடுக்கும் முதலாளி பிறகு ஏமாறுவார்.

இந்த வழியில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. எல்டிவிபியில் இரண்டு வகை. ஆணையம் தருவது ஒன்று, மனிதவள அமைச்சு தருவது இன்னொன்று. இ-பாஸ்காரர் தம் பெற்றோரையோ உடற்குறையுள்ள பிள்ளையையோ கூட்டிவரும்போது கிடைப்பது அமைச்சு தருவது. அதை வைத்துக்கொண்டு பிஎல்ஓசி கேட்க முடியாது, வேலை செய்ய வேண்டுமானால் தனி வேலை பாஸ் வேண்டும். ஆணையம் தருவதிலும் சிங்கப்பூரரின் அல்லது பிஆரின் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளை ஆகியோருக்குத்தான் இசைவுக் கடிதம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் அம்மாவுக்கு இது இல்லை. அனுமதிக் கடிதத்தில் யார் வழங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் வேலை தேடவே தொடங்க வேண்டும்.

வேலை பாஸ்காரரின் குடும்பத்தாருக்குத் தரும் டிபி என்னும் சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்கள் பலர், இசைவுக் கடிதம் வாங்கினால் வேலைக்குப் போகலாம் என்ற பழைய விதியையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. டிபியில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டுமானால் அவருக்கே ஓர் இ-பாஸோ எஸ் பாஸோ வேலை பெர்மிட்டோ கிடைக்க வேண்டும். இசைவுக் கடிதம் இப்போது சொந்தத் தொழில் நடத்துபவர்களுக்கு மட்டும்தான். தனி உரிமையாளராகவோ பங்காளியாகவோ, குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்குள்ள நிறுவன இயக்குநராகவோ இருந்தால் கேட்கலாம். அதைப் புதுப்பிக்க, உள்ளூர் ஊழியர் ஒருவரையாவது நிர்ணயித்த சம்பளத்தில் வைத்து, குறைந்தது 3 மாதம் அவருக்குச் சேம நிதி கட்டியிருக்க வேண்டும். கணவருக்கு இ-பாஸ், குடும்பமாக பிஆர் விண்ணப்பம் போயிருக்கிறது, மனைவிக்கு டிபி என்னும் வீடுகளில் மனைவியின் வேலை இந்த விதியில்தான் மாட்டிக்கொள்கிறது. பிஆர் கிடைக்கும்வரை அவருக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை.

வீட்டில் டியூஷன் எடுப்பது, சாப்பாடு செய்து விற்பது, ரவிக்கை தைத்துக் கொடுப்பது எல்லாம் வேலைதான். காசு வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அது தொழில். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இப்படி மாட்டிக்கொண்டால் விண்ணப்பத்தின் கதையும் அதோடு முடிந்துவிடும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) தெரிந்தவர் கடையில் வார இறுதியில் மட்டும் கல்லாவில் நிற்பதும் இதில் அடங்கும். கூலியாக வாங்கியது பணமா பொருளா என்பது காரணமாகாது.

திருமணத்துக்கு முன்பே செய்துகொள்ள வேண்டிய ஒன்று, ஆணையத்தின் திருமணத்துக்கு முந்திய மதிப்பீடு. 2014 டிசம்பரில் வந்த இந்தச் சேவையை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். சிங்கப்பூரரும் அவருடைய வருங்காலத் துணையும் திருமணத்துக்கு முன்பே விண்ணப்பித்து, எல்டிவிபி கிடைக்கத் தகுதி உண்டா என்று தெரிந்துகொள்ளலாம். தகுதி உண்டு என்ற கடிதம் கையில் இருந்தால், திருமணத்துக்குப் பிறகு எல்டிவிபி விண்ணப்பம் சில வாரங்களில் முடிகிறது. இல்லாவிட்டால் பல மாதம் இழுக்கலாம். அந்த மாதங்களில் புதுமணப்பெண் வருகையாளர் அனுமதியில் வந்துபோய்க்கொண்டிருக்க வேண்டும், வேலையும் பார்க்க முடியாது. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வேலை பெர்மிட்டில் இருப்பவருக்கும், முன்பு இருந்தவருக்கும் இதில் இன்னொரு படி உண்டு. சிங்கப்பூரரையோ பிஆரையோ மணப்பதற்கு முன் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். ஊருக்குப் போய்க் கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்தாலும் இந்த விதி விடாது. ஒப்புதலின்றி மணந்தால் பெர்மிட் பறிபோகலாம், மறுபடி நுழையவும் தடை வரலாம்.

முதல் எல்டிவிபி பொதுவாக ஓராண்டுக்கு, புதுப்பித்தால் 2 ஆண்டு வரை. 2012 ஏப்ரலில் வந்த எல்டிவிபி பிளஸ் முதலில் 3 ஆண்டு, பிறகு 5 ஆண்டு வரை. சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள பிள்ளை இருந்தால் பிளஸ் கிடைக்கும் வாய்ப்பு கூடும். அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் பிளஸ்காரருக்கு மானியம் உண்டு, வெறும் எல்டிவிபிக்கு இல்லை. பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதுப்பித்தலில்தான் தவறு நடக்கிறது. இசைவுக் கடிதம் எல்டிவிபியோடு கட்டப்பட்டது. எல்டிவிபி முடியும் நாளோடு வேலை செய்யும் உரிமையும் முடிகிறது. 2023 பிப்ரவரி முதல் எல்டிவிபி அட்டையாக வருவதில்லை, மின்னிலக்க வடிவில்தான். பர்ஸில் அட்டை இருந்த காலத்தில் தேதி கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இப்போது நாமே திறந்து பார்த்தால்தான் உண்டு. முடிய 3 மாதம் இருக்கும்போதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். விண்ணப்பிக்க வேண்டியவர் உள்ளூர் ஆதரவாளர், அதாவது சிங்கப்பூரரான அல்லது பிஆரான துணைவர்; அவருடைய சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான அடையாளக் கணக்கு) வழியாகத்தான் நடக்கும். கணவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தாலும் சிங்பாஸ் செயலி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். கடவுச்சீட்டு முடியும் நேரம் நெருங்கியிருந்தால் அதை முதலில் புதுப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டின் ஆயுள் குறைவாக இருந்தால் அனுமதியின் ஆயுளும் குறைந்துபோகும். வேலை பாஸ்களுக்கும் இதே கதைதான்.

இ-பாஸ், எஸ் பாஸ்: காத்திருக்கும்போது வேலை மாறினால்

தனியாளாக, தம் வேலையை வைத்து பிஆர் கேட்பவர்கள் பெரும்பாலும் இ-பாஸிலும் எஸ் பாஸிலும் இருப்பவர்கள். சாதாரண வேலை பெர்மிட்டில் இருப்பவர் இந்த வேலை வழியில் விண்ணப்பிக்க முடியாது. ஏஜென்ட் முடியும் என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் எழுந்து வந்துவிடுங்கள்.

மனிதவள அமைச்சின் இணையச் சேவை வேகமானது. இ-பாஸ் விண்ணப்பம் பெரும்பாலும் 10 வேலை நாளில் முடிந்துவிடுகிறது. ஆனால் பாஸ் ஒரே முதலாளியோடும் ஒரே வேலையோடும் கட்டப்பட்டது. புதிய நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் அந்த வேலையை அரசின் வேலைத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கும், மாதச் சம்பளம் 22,500 வெள்ளிக்குக் குறையாத வேலைக்கும் விலக்கு உண்டு. ஆக, விளம்பர நாள், பரிசீலனை நாள், பாஸ் வழங்கும் நாள் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிவிடும். பழைய பாஸ் உயிரோடு இருக்கும்போதே புதிய நிறுவனம் விண்ணப்பிக்கலாம் என்பது இந்தச் சேவையின் நல்ல அம்சம். அதனால் அமைச்சின் கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வரும்வரை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். வாய்மொழி வாக்குறுதியை நம்பி முதலில் விலகியவர்கள்தான் நடுவில் தவிக்கிறார்கள்.

தகுதிச் சம்பளமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜனவரி முதல் இ-பாஸுக்குக் குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது ஏற ஏற இதுவும் ஏறும், 45 வயதில் 10,700 வரை போகும். சம்பளத்தைத் தாண்டினாலும் 2023 செப்டம்பரில் வந்த காம்பஸ் புள்ளிமுறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். புதுப்பித்தலுக்கும் 2024 செப்டம்பரிலிருந்து இதே முறை. பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக இதில் ஒரு புள்ளியும் கூடுவதில்லை. 38 வயதில் எளிதாகக் கிடைத்த பாஸ் 41 வயதில் அதே சம்பளத்துக்குக் கிடைக்காமல் போகலாம். விண்ணப்பிக்கும் முன் அமைச்சின் தளத்தில் இருக்கும் சுயமதிப்பீட்டுக் கருவியில் வயதையும் சம்பளத்தையும் படிப்பையும் போட்டுப் பாருங்கள். அந்தக் கருவி இலவசம், கணக்கும் நம்பத்தக்கது.

ஆட்குறைப்பில் வேலை போனால், கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் முதலாளி பாஸை ரத்து செய்ய வேண்டும். அதன்பின் 30 நாள் குறுகிய கால வருகை அனுமதி கிடைக்கும், அதில் வேலை செய்ய முடியாது. பிஆர் விண்ணப்பம் தானாக ரத்தாவதில்லைதான். ஆனால் வேலையை வைத்துக் கேட்டவருக்கு வேலை இல்லை என்றால் விண்ணப்பம் எதில் நிற்கும்? துணைவர் சிங்கப்பூரரோ பிஆரோ என்றால் அந்த 30 நாளுக்குள் எல்டிவிபி பக்கம் திரும்ப வேண்டும். மற்றவர்கள் புதிய வேலை தேடும் ஓட்டத்தில் இறங்க வேண்டும். இந்த இடத்தில்தான் இடைக்கால அனுமதி இல்லாத குறை உறைக்கிறது. பல ஆண்டுகள் இங்கே வரி கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு 30 நாள் மிகவும் குறைவு. விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்காவது இதை 90 நாளாக்கினால் யாருக்கும் நட்டமில்லை.

வேலை மாறுவோர் பணக் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். குடிமகன் அல்லாத ஊழியர் விலகும்போது முதலாளி ஐஆர்21 படிவத்தை ஒரு மாதம் முன்பே வரி ஆணையத்துக்கு அனுப்பி, கொடுக்க வேண்டிய சம்பளத்தை வரித் தீர்வு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இ-பாஸ்காரருக்கும் பிஎல்ஓசிக்காரருக்கும் இது பொருந்தும். ஒரு மாத வாடகையும் பள்ளிக் கட்டணமும் கையில் இல்லாமல் வேலை மாறாதீர்கள்.

பிஆர் விண்ணப்பத் தளம்

இணையவழி விண்ணப்பம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆளுக்கு 100 வெள்ளி கட்டணம், கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது. முதல்முறை உள்ளே நுழைந்ததிலிருந்து 7 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் நிரப்பியதெல்லாம் அழிந்துபோகும். ஆவணங்கள் அத்தனையும் ஸ்கேன் செய்து தயாரான பிறகே சிங்பாஸால் நுழையுங்கள். வேலை வழி விண்ணப்பத்தில் முதலாளி நிரப்ப வேண்டிய இணைப்புப் படிவமும் உண்டு. மனிதவளப் பிரிவு கையெழுத்தும் முத்திரையும் போட்டுத்தர ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். அதைக் கடைசியில் கேட்டால் ஏழு நாளும் அதிலேயே போய்விடும். அதேசமயம் ரொம்ப முன்கூட்டியே வாங்கிவைத்தால் தேதி பழையதாகிவிடும். மற்ற ஆவணங்களெல்லாம் முடிந்த வாரத்தில் கேட்பதுதான் சரியான நேரம்.

நம்மவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு 'ஆர். முருகன்', கடவுச்சீட்டில் 'முருகன் ராமசாமி', பிறப்புச் சான்றிதழில் வெறும் 'முருகன்', சில பழைய சான்றிதழ்களில் 'ஆண் குழந்தை' என்று மட்டும். தளத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். மாறுபடும் ஆவணங்களுக்கு, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் செய்து சேர்த்துவிடுங்கள். பெயரே இல்லாத பிறப்புச் சான்றிதழை, பதிவு செய்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயர் சேர்த்து வாங்க வேண்டும். ஊரில் ஒருவர் நேரில் அலைய வேண்டியிருக்கும், ஆகவே இதுதான் முதல் வேலையாக இருக்கட்டும்.

தமிழ்நாட்டின் புதிய பிறப்புச் சான்றிதழ்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருவதால் மொழிபெயர்ப்புத் தொல்லை இல்லை. தமிழில் மட்டும் இருக்கும் பழைய கையெழுத்துப் பிரதியோ, யாழ்ப்பாணத்துச் சான்றிதழோ என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அந்த நாட்டுத் தூதரகம் செய்ததாகவோ நோட்டரி செய்ததாகவோ இருக்க வேண்டும். தனியார் மொழிபெயர்ப்பாளர் செய்திருந்தால் தூதரகமோ நோட்டரியோ சான்றளிக்க வேண்டும். நண்பர் அழகான ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொடுத்த தாள் செல்லாது. திருமணத்துக்கும் அப்படித்தான். கோயில் ரசீதும் அழைப்பிதழும் போதாது, சார்பதிவாளர் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். பதியாதவர்கள் ஊருக்குப் போகும்போது முடித்துவிட்டு வர வேண்டும்.

அனுப்பிய பிறகு ஏறத்தாழ ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். 2023ல் சுமார் 34,500 பேருக்கு பிஆர் கிடைத்தது. நிராகரித்தால் காரணம் சொல்வதில்லை, சேவையின் மிகப்பெரிய குறை இதுவே. எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் அதே தாள்களோடு மறுபடி மறுபடி நூறு நூறு வெள்ளியாகக் கட்டுகிறார்கள். சம்பளம், படிப்பு, குடும்ப நிலை, இங்கே இருந்த காலம் இவற்றில் ஒன்றாவது மாறாமல் மறுபடி விண்ணப்பிப்பதால் பயன் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த மௌனத்தைத்தான் சில ஏஜென்டுகள் விற்றுப் பிழைக்கிறார்கள். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்பவரும் 'உத்தரவாதம்' என்பவரும் பொய்தான் சொல்கிறார்கள். தாள்களை அடுக்கித் தருவதற்குக் கூலி கேட்டால் அது வேறு. சம்பளத்தையோ பட்டத்தையோ கூட்டி எழுதச் சொன்னால் குற்றம் உங்கள் பெயரில்தான் பதியும்.

நிலுவையில் இருக்கும்போது வேலை, முகவரி, கடவுச்சீட்டு மாறினாலோ குழந்தை பிறந்தாலோ ஆணையத்துக்கு இணையவழி தெரிவித்துவிடுங்கள். மகன்களைச் சேர்த்து விண்ணப்பிப்போர், ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவையைப் பற்றி வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். வேலை வழியில் பிஆராகும் தந்தைக்குப் பொதுவாக விலக்கு உண்டு, மகனுக்கு இல்லை. சேவை செய்யாமல் பிஆரைத் துறந்தால், பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ கேட்கும்போது அது எதிராக நிற்கும்.

ஒப்புதல் வந்ததும் எல்லாம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனையும் மற்ற நடைமுறைகளும் முடிந்து பிஆர் ஆகும் நாள்வரை பழைய பாஸில்தான் வேலை. அதற்குள் அது காலாவதியாகும் என்றால் புதுப்பித்தே ஆக வேண்டும். பிஆர் ஆன தேதியை அன்றே மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள், சேம நிதி அந்தத் தேதியிலிருந்து தொடங்கும். 55 வயதுக்குட்பட்டவருக்கு முதலாண்டில் ஊழியர் பங்கு 5 விழுக்காடு, முதலாளி பங்கு 4. இரண்டாமாண்டில் 15, 9. மூன்றாமாண்டு முதல் முழு விகிதமான 20, 17. இருவரும் ஒப்புக்கொண்டால் முதல் நாளிலிருந்தே முழு விகிதத்தில் கட்டலாம். வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலாளியிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.